'வேண்டாம்' சொல்லும் ஊரில் புனித அன்னாள் இல்லம்

இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட கூட்டத் தலைவர் பங்குத்தந்தை அவர்களே! நம் புனித அன்னாள் இல்லத்தின் டப்ளின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஜெர்மானியப் பெருந்தகை, இயக்குநர் ஃபெல்ட்மன் அவர்களே! அருட்சகோதரிகளே, பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கில்புரோன் நகரத்து வீம்புக்கார உறவுகளே! வணக்கம்.

சற்றுமுன் என்ன செய்தீர்கள்? "இந்த உதவி இல்லம் உங்களுக்கு இன்னும் வேண்டுமா?" என்று இயக்குநர் கேட்டார். "எங்களுக்காக எதுக்குங்க சிரமம்?" என்றீர்கள். மறுபடி கேட்டார். "பரவாயில்லீங்க, சமாளிச்சுக்குறோம்!" பாவம், மனிதர் நம்பிவிட்டார். இல்லத்தை மூடிவிடலாம் என்று எழுதியும் கொண்டார். அட படுபாவிகளா!

பஞ்சத்தில் இந்த ஊர் எலும்பும் தோலுமாய் நின்றபோது கஞ்சிச் சட்டி தூக்கியது யார்? பிள்ளைகள் கப்பலேறிப் போனபின் தனித்த தாய்மாருக்குத் துணை நின்றது யார்? கோயிலுக்கு வருகிறாயா என்று கேட்டா கொடுத்தார்கள்? குளிருகிறதா என்று கேட்டுக் கொடுத்த இல்லமய்யா இது!

யாரது, சுருக்கமாகப் பேசச் சொல்வது? டெர்மட்டா? உன் கல்யாணத்தில் நீ பேசிய பேச்சில் கேக்கே காய்ந்துபோனது, உட்காரப்பா!

போன வாரம் நம் கொர்னேலியஸ் டூஹி அண்ணன் வீட்டுக்கு, சூப்போடு, இல்லத்துச் சகோதரி அட்ராக்டாவும் இயக்குநரும் போனார்கள். அண்ணனுக்குக் காலில் மாவுக்கட்டு. வீட்டில் வேறு ஆளில்லை.

"அய்யோ, வேணாம் சிஸ்டர். இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

இயக்குநர் எழுந்தார். சகோதரி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். "உட்காருங்கய்யா, அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"ஒரே ஒரு கரண்டி, அண்ணே?"

"ம்ஹூம். உங்களுக்கு எதுக்கு வீண் வேலை?"

"சரி, கீழே கொட்டிடறேன்."

"ஐயையோ, வீணாக்காதீங்க! நீங்க வருத்தப்படுவீங்களேன்னு குடிக்கிறேன், ஊத்துங்க."

அப்புறம் சட்டியைக் கழுவ வேண்டிய வேலையே இருக்கவில்லை! அது ஒரு கிழவரின் குணம் என்று இயக்குநர் நினைத்துக்கொண்டார். ஊருக்கே அதுதான் குணம் என்று அவருக்கு யார் சொல்வது?

சிரிக்கிறீர்கள். அந்த வீட்டில் கரி தீர்ந்து போயிருந்தது, தெரியுமா? சுவரெல்லாம் பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது. முதல் 'வேண்டாம்' கேட்டதும் சகோதரி திரும்பியிருந்தால் நாம் அண்ணனை அடக்கம் செய்திருப்போம். நம்மைப் போன்ற வீம்புக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, கோபிக்காமல், மறுபடி மறுபடி கேட்க இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

இயக்குநர் அவர்களே, தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள்!

கேட்டுவிட்டார். என்ன, எல்லோரும் உங்கள் காலணியையே பார்க்கிறீர்கள்? மானம் போய்விடுமா? வாயைத் திறவுங்களய்யா! யாரது, ஊன்றுகோலை ஊன்றி எழுவது? கொர்னேலியஸ் அண்ணனா? உரக்கச் சொல்லுங்கள் அண்ணே!

"வேணும்யா. எனக்கு வேணும்."

கேட்டீர்களா? பெற்ற தாயிடம்கூட இவர் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்! அதோ, டெர்மட் எழுகிறான். தாய்மார்கள் எழுகிறார்கள். பங்குத்தந்தையே எழுந்துவிட்டார்! இயக்குநர் ஐயா, எழுதியதை அடித்துவிடுங்கள்.

பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வெளியே தேநீர் இருக்கிறது. தகராறு பண்ணாமல் குடித்துவிட்டுப் போங்கள். வணக்கம்!