பிடுங்கப்பட்ட பத்தொன்பது கசப்புச் செடிகள்

என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். வயது அறுபத்து மூன்று. மொத்தக் காய்கறிச் சந்தையில் ஒன்பதாம் எண் கடை என்னுடையது. சந்தையில் ‘நாக்குக்காரர்’ என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி எது வந்தாலும் மூட்டைக்கு ஓர் இலை கிள்ளி மென்று பார்ப்பேன். கசந்தால் கடையில் இறக்க விடமாட்டேன். தலைச்சுமைக் கூடையில் தொடங்கி இந்தக் கடைவரை வந்தது இந்த நாக்கை நம்பித்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததற்கு இதுவே காரணம் என்பதால் முதலில் சொல்கிறேன்.

காய்கறி ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி என் கூடப்பிறந்த தங்கை. ப்ரோக்கோலியை மெல்லும்போது உண்டாகும் ஒருவகைக் கந்தகச் சத்து உடம்புக்கு நல்லது என்றும், அதைக் கூட்டித் தரும் மரபணு கடலோரப் பாறைகளில் தானாக முளைக்கும் காட்டு முட்டைக்கோஸில் இருக்கிறது என்றும், அதை நாம் சாப்பிடும் ப்ரோக்கோலிக்குக் கொண்டுவருவதே தன் வேலை என்றும் ஏழு வருடமாக எனக்குச் சொல்லி வந்தாள். தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என அந்த மரபணு இரட்டையாகச் சேர்ந்த செடியில்தான் சத்து முழுதாக ஏறும், அது நாலில் ஒரு செடிக்குத்தான் அமையும் என்பதையும் சொல்லியிருக்கிறாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

போன வருடம் ஓர் இலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மென்றுவிட்டுத் துப்பினேன். “இத யாரும்மா வாங்குவா? மாமியாருக்கு மருமக வாங்கித் தந்தாத்தான் உண்டு” என்றேன்.

“கசப்போட சேந்துதாண்ணே இப்ப வருது. கசப்பக் கொறைக்கறது அடுத்த வேல. மொதல்ல சத்து நிக்கட்டும்” என்றாள். அவளுக்கு ஓய்வுபெற இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அதற்குள் விதை எடுத்துவிட வேண்டும் என்று இந்த வருடம் நிலையத்து வலைக்கூடாரத்தில் அறுபத்து நாலு செடிகள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் அருகிலும் எண் எழுதிய மரக்குச்சி நட்டிருந்தது. இலைகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருந்தாள்.

அதன் பிறகு அவள் ஆறு நாள் வெளியூர்க் கூட்டத்துக்குப் போனாள். “தோட்டக்காரர் தண்ணி பாத்துக்குவாரு. நீயும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்குப் போனேன். தோட்டக்காரர் சாப்பிடப் போயிருந்தார். சாவி பம்பு அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என்பது எனக்குத் தெரியும். உள்ளே போய், கடையில் செய்வதுபோலவே, செடிக்கு ஓர் இலை கிள்ளி மென்று, வாய் கொப்பளித்து, அடுத்த செடிக்குப் போனேன். பத்தொன்பது செடிகள் கசந்தன. வளர்த்தவளுக்குக் கழிக்க மனசு வராது, அண்ணன்காரன் நான் செய்து கொடுத்தால் இனிப்பான செடிகளின் விதை அவள் பேரில் ஊரெங்கும் விற்கும், பிறகு புரிந்துகொள்வாள் என்று நினைத்துப் பத்தொன்பதையும் வேரோடு பிடுங்கினேன். குழிகளில் மண் தள்ளிச் சமன் செய்தேன். செடிகளைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய்க் கடையின் கழிவு இலைகளோடு போட்டேன். குப்பை லாரி எடுத்துப் போய்விட்டது. குச்சிகள் நல்ல மரம் என்பதால் எறிய மனமில்லாமல் கடையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தங்கை திரும்பி வந்தாள். செடிகள் திருட்டுப் போனதாக நிலையத்தார் புகார் கொடுத்தார்கள். சாவி தோட்டக்காரர் பொறுப்பில் இருந்தது, விதைக் கம்பெனி ஆள் ஒருவர் அவரோடு இரண்டு தடவை போனில் பேசியிருந்தார் என்பதற்காக அவரைக் கைது செய்தார்கள். அன்று தங்கை என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, “யாரு எடுத்தாங்கன்னு தெரிஞ்சா இந்த ஜென்மத்துல அவங்க மொகத்துல முழிக்க மாட்டேன்” என்றாள். நான் “ஆமாம்மா” என்றேன். அந்த ஒரு சொல்தான் சொன்னேன். அதன் பிறகு பத்து நாள் கடை திறந்தேன், வியாபாரம் பார்த்தேன்.

நேற்றுக் காலை தோட்டக்காரரின் மனைவி கடைக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு, “ஒங்க வண்டி கூடாரத்து வாசல்ல நின்னத அவரு பாத்திருக்காரு” என்றார்.

“பாத்தவரு ஏம்மா சொல்லல?”

“நானுந்தான் தலையால அடிச்சுக்கிட்டேன். ஒங்க தங்கச்சியம்மாவுக்குச் செடிதான் போச்சு, அண்ணனும் போகணுமான்னு கேக்கறாரு. கூறுகெட்ட மனுசன்.” இவ்வளவு சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். என்னைத் திட்டவில்லை.

அதன் பிறகு இன்று காலை ஏழு மணிக்குக் குச்சிகளை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் சோதனைக்கூட முடிவுத்தாளைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் குச்சிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தாளில் சத்து மிகுந்தவை என்று பதினேழு எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். பதினேழும் என் பத்தொன்பதுக்குள் இருந்தன. ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

“மெஷினு சொல்றதுக்கு மூணு வாரம் ஆச்சு. நீ ஒரு மத்தியானத்துல கண்டுபிடிச்சிருக்க” என்றாள். பிறகு, “மாத்திப் பிடுங்கிருக்கலாமேண்ணே” என்றாள்.

மறுபடி செய்ய முடியாதா என்று கேட்டேன். “மிச்சச் செடியில அந்த மரபணு ஒத்தையா ஒளிஞ்சிருக்கும். வெதையெடுத்து மொளைக்கவச்சு மறுபடி பிரிக்கணும். ரெண்டு வருஷம்” என்றாள். பதினொரு மாதத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

தோட்டக்காரருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவரை இன்றே விட்டுவிட வேண்டுகிறேன். எனக்கு வரும் தண்டனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த மரக்குச்சிகளில் பதினெட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். முப்பத்தெட்டாம் எண் குச்சி, தாளில் முதலிடத்தில் இருந்த செடியுடையது. அதைத் தங்கை கையிலேயே வைத்திருந்தாள். நான் புறப்படும்போதும் தரவில்லை. நான் கேட்கவில்லை.

யாருடைய மிரட்டலுக்கும் ஆசைவார்த்தைக்கும் உட்படாமல் நானே வந்து சொன்னவை இவை. எழுதியதைக் காவல் ஆய்வாளர் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டக் கேட்டேன்; கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ஒன்பதாம் எண் கடைக்காரர்