மூன்று முறை மறுசாயம் ஏற்றிய தகடு

எங்கள் மருத்துவமனை உணவகத்தில் காட்டரிசி சூப் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கிடைக்கும். அதை ஊற்றித் தருபவள் ஆர்லீன் கிவெலா. எனக்கு மட்டும் கேட்காமலே ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவாள். ஏரிக்கரை ஊரான டுலூத்தின் குளிரில் அது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் அவளைப் பற்றித்தான் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் பார்ப்பது கருப்பை வாய்ப் புற்றுநோய்த் திசு. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து புற்றுச் செல்லை உள்ளே உடைக்கும். சில கட்டிகளில் ஒரு புரதம் உடைந்ததை எல்லாம் ஒட்டிவைத்துவிடும். திசுவில் சாயம் ஏற்றினால் அது பழுப்பாகத் தெரியும். அந்தப் பழுப்புக்கு முந்நூறுக்கு மதிப்பெண் போடுவேன்; அடர்த்தியாக இருந்தால் மருந்து வீண். இதை நிரூபிக்க ஒன்பது வருடம் உழைத்தேன். மதிப்பெண் இருநூறைத் தாண்டியும் அதே மருந்தில் ஆறு ஊசியும் போட்டுக்கொண்ட பன்னிரண்டு பெண்கள் எனக்கு வேண்டும். பதினொருவர் சேர்ந்த நேரத்தில் நெறிமுறைக் குழு ஒரு விதி போட்டது. இருநூறைத் தாண்டினால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை மேல்மாடியில் நடக்கும் புது மருந்துச் சோதனைக்கு மாற்றிவிடுவார்கள். நியாயமான விதிதான். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அப்படி அடுத்து வந்த நால்வரையும் மருத்துவர்களுக்கு நானே போன் செய்து அனுப்பிவைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் ஆர்லீன் சூப்பை நீட்டியபடியே, தனக்குக் கருப்பை வாய்ப் புற்று திரும்பிவிட்டது என்றும், சோதனைக்கு எடுத்த சதைத் துண்டு என்னிடம்தான் வந்திருக்கிறது என்றும் சொன்னாள். மே மாதம் ஏரியில் மீன்பிடிப் பருவம் தொடங்கும்போது கணவர் ரெய்னோவின் படகில் தானும் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. திசுவை ஒட்டி அனுப்பும் கண்ணாடித் தகடுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அந்த வாரம் வந்தது ஒரே தகடு.

சாயம் சரியாக ஏறாவிட்டால் 'மறுசாயம்' என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். எங்கள் தொழிலில் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவள் தகட்டுக்கும் அப்படி எழுதினேன். அதற்குள் சிஸ்பிளாட்டின் முதல் ஊசி போட்டுவிட்டார்கள். பிறகு இன்னும் இரண்டு முறை எழுதினேன்.

முடி கொட்டிய தலையில் கம்பளித் தொப்பியோடு ஒருநாள் கேட்டாள்: "என்ன டாக்டரே, துண்டுச் சதைக்கு இத்தனை நாளா? நான் முழு வான்கோழியையே நாலு மணி நேரத்துல வேக வச்சிருவேன்."

"அவசரப்பட்டா தப்பாயிடும், ஆர்லீன்."

"சரி, பொறுமையாவே பாருங்க. நீங்க பாக்குறீங்கன்னா எனக்குக் கவலையே இல்ல."

அன்றும் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினாள்.

ஆறாவது ஊசிக்குப் பிறகு, பிப்ரவரியில், மதிப்பெண்ணைப் பதிவு செய்தேன். இருநூற்று அறுபது. புது மருந்தை இனி அவள் உடம்பு தாங்காது என்று மேல்மாடியில் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில், ஏரியில் பனி உடையும் முன்பே, இறந்துபோனாள்.

முதல் சாயமே நன்றாகத்தான் ஏறியிருந்தது. அன்றே பார்த்தேன், அன்றே எண்ணினேன். இருநூற்று அறுபதுதான்.

பன்னிரண்டு பெண்களோடு கட்டுரை வெளிவந்துவிட்டது. இனி வரும் பெண்களுக்கு அது உதவும். அதன் கடைசியில், பங்கேற்ற பெண்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கிறது. ஆர்லீனை நினைத்துத்தான் அதை எழுதினேன். பெயர் போடவில்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதில் நான் ஒருநாளும் தவறியதில்லை.