எட்டு மணி வரைக்கும் தூங்காதே

— கண்ணைத் திற. சாயமாட்டேன்னு சொல்லிட்டுத்தானே சோபாவுல உக்காந்தே?

— நான் சாயல அண்ணி. சோபாதான் என்மேல சாயுது.

— ஃப்ளைட்ல ஏறினதும் வாட்சை இந்த ஊர் நேரத்துக்கு மாத்தச் சொன்னேனே?

— மாத்தினேன். வாட்ச் சொன்ன பேச்சு கேட்டுச்சு, கண்ணு கேக்கல. அங்க இப்ப ராத்திரி ரெண்டரை மணி.

— இங்க மத்தியானம் ரெண்டு. எழுந்து வா, மாடியில துணி காயப்போடணும். முகத்துல வெயில் பட்டாதான் உடம்புக்குப் பகல்னு உறைக்கும்.

— ஊர்லேருந்து வந்தவளை வேலை வாங்கறீங்க. அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்.

— தாராளமா சொல்லு. வாளியை மேல தூக்கி வச்சிட்டு ஆபீஸ் போனதே உங்க அண்ணன்தான்.

— ஒரு வாய் காபியாவது?

— காபிக்கு மத்தியானத்தோட கதவு சாத்தியாச்சு. இப்ப குடிச்சா ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சிட்டுக் கிடப்பே. இந்தா, தண்ணி குடி.

— இருபது நிமிஷம் படுத்துக்கறேனே. சத்தியமா எழுந்துடுவேன்.

— காலைலயும் இதே சத்தியம்தான். உலுக்கி உலுக்கி என் தோள்பட்டை விட்டுப்போச்சு. நாளைக்கு ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரி லேப் இன்டர்வியூல மைக்ராஸ்கோப் முன்னாடி உக்கார வச்சு ரத்த அணுவை எண்ணச் சொல்வாங்க. காலியா இருக்கிறது ஒரே ஒரு வேலை. இந்த ஜெட் லாக் கண்ணோட போனா, எதிர்ல நிக்கற டாக்டரையும் சேத்து எண்ணிடுவே.

— கிண்டல் போதும் அண்ணி. இது கிடைச்சா நான் திரும்பிப் போகவே வேணாம். ஆறு வருஷமா அம்மா முகத்தைப் போன்லயே பாத்துட்டிருக்கேன்.

— தெரியும்மா. சாமிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவர் பங்கை அவர் பாத்துப்பாரு. உன்னைத் தூங்கவிடாம வச்சிருக்கறது என் பங்கு.

— அதுக்காக உங்க வேலைக்கு லீவு போட்டுட்டு எனக்குக் காவலா?

— நான் வேலை பாக்கறது ஒரு சின்ன லேப்தானே. ஒரு நாள் போகலேன்னா ஒண்ணும் முழுகிடாது. துணியை நல்லா உதறிப் போடு.

— எட்டு மணிக்காவது விடுவீங்களா?

— எட்டடிச்சா நானே போர்வை போத்திவிடறேன். காலைல ஆறு மணிக்கு எழுப்பறேன். ஏழரைக்கு ரெண்டு பேரும் சேந்தே கிளம்பிடலாம்.

— நீங்க எதுக்கு அலையணும்? பஸ்ல தூங்கி விழுந்துடுவேன்னு பயமா?

— இல்லம்மா. அதே வேலைக்கு என்னை ஒம்பதரைக்குக் கூப்பிட்டிருக்காங்க.