அமைதிப் பட்டியல்

முந்நூறு பேர் இருக்கும் ஒரு குழுவில் காலை வணக்கப் படங்களை நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். விதி போட்டேன், எச்சரித்தேன், ஒருமுறை இருபது பேரை ஒரு வாரம் வெளியே நிறுத்திவைத்தேன். எட்டாம் நாள் காலை இருபது பேரும் ஆளுக்கொரு ரோஜாப்பூவோடு திரும்பி வந்தார்கள். அதோடு விட்டுவிட்டேன். நான் இன்னும் இருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லாமல் மனிதர்களால் இருக்க முடியவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

எங்கள் குடியிருப்பில் நான்கு கட்டடங்கள். முதல் கட்டடத்தில், அக்கா வீட்டில், ஓர் அறையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணி. உலகம் முழுவதும் மக்கள் போடும் பதிவுகளில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு பதிவுக்குப் பதினோரு நொடி. நான்கு வருடம் அமுக்கினேன். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுக்கூட யாரும் அழைக்கவில்லை.

வேலையில்லாமல் ஒருவன் வீட்டில் இருந்தால் சங்கத்துக்காரர்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும். செயலாளர் தேடி வந்தார்.

“சும்மாதானே தம்பி இருக்கே. நம்ம குரூப்பைக் கொஞ்சம் பாத்துக்கோயேன். பெரிய வேலை ஒண்ணும் இல்ல. நாலு பைத்தியம் இருக்கு, அதுங்களை மட்டும் அடக்கினா போதும்.”

“அப்போ அஞ்சாவது ஆள்கிட்டயே பொறுப்பைக் குடுக்கறீங்க” என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

நாலு என்று அவர் சொன்னாலும் மனதில் இருந்தது ஒருவர்தான். மூன்றாம் கட்டடம், நான்காம் மாடி. லைன்மேன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மின்சாரத் துறையில் முப்பத்துநாலு வருடம் கம்பம் ஏறி இறங்கியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், விமானத்தில் ஒன்பது மணி நேரத் தொலைவில். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனதால் அவர் கீழே இறங்குவது அபூர்வம். எனவே குழுவில் ஏறினார். ஒரு நாளைக்கு முப்பது பதிவு.

“சேவை மையத்துக்குப் போனா ஆன்லைன்ல போடுங்கறான். ஆன்லைன்ல போட்டா ஒரிஜினலோட நேர்ல வாங்கறான். நேர்ல போனா சர்வர் தூங்குதுங்கறான். நான் தூங்கினா அந்தக் காலத்துல ஊரே இருட்டு. இவனுங்களுக்குக் கம்ப்யூட்டர் தூங்கினா லீவு.”

இப்படி. தெருவிளக்கு, புது மீட்டர், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கச் செயலி, அந்தச் செயலிக்கு ஒரு கடவுச்சொல், அது மறந்துபோனால் அதை மீட்க இன்னொன்று. அவர் எழுதியதில் தப்பு இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது முறை ஒருவர் சரியாக இருப்பதை யாராலும் தாங்க முடியாது.

ஒருமுறை செயலாளரே அவரை நீக்கிப் பார்த்தார். லைன்மேன் இரண்டு நாளில் நாற்பது கடிதம் கையால் எழுதி, மின்வெட்டில் லிஃப்ட் ஓடாதபோதும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தன் கட்டடத்துத் தபால் பெட்டி எல்லாவற்றிலும் போட்டுவிட்டார். மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. செயலாளரின் மனைவி என்னிடம், “பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி அந்தாளு மூஞ்சில முழிக்க வேண்டியிருக்கு தம்பி, ஏதாவது பண்ணு” என்றார்.

பண்ணினேன். எங்கள் குழு நடக்கும் செயலியில் நிர்வாகிக்கு மட்டும் தெரியும் ஒரு வசதி உண்டு. அமைதிப் பட்டியல் என்று பெயர். அதில் ஒருவரைச் சேர்த்தால் அவர் எழுதுவது அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் எழுதுவதெல்லாம் அவர் பார்க்கலாம். நீக்கப்பட்டோம் என்ற அவமானம் இல்லை, சண்டை இல்லை. முந்நூறு பேரும் நிம்மதியானார்கள். லைன்மேன் திருந்திவிட்டார் என்று செயலாளர் கூட்டத்திலேயே சொன்னார்.

ஒரு வாரம் கழித்து அவர் எழுதினார்: “என்ன, எல்லாருக்கும் வாயில கொழுக்கட்டையா? நான் எழுதறது தெரியுதா இல்லையா? யாராவது ஒருத்தர் திட்டவாவது செய்யுங்க.”

அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடம் உண்மையானது. அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

செயலியில் ஒரு ஓட்டை இருந்தது. பட்டியலில் இருக்கும் இருவர், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கலாம். செய்தவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டாம் கட்டடத்தில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டின் எண்ணில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதையும் பட்டியலில் சேர்த்தேன். அவர்தான் நர்ஸம்மா. “தெரியுதுண்ணே, படிச்சுட்டுதான் இருக்கேன். டூட்டில இருந்ததால பதில் போட முடியல” என்று அவர் எழுதினார். லைன்மேன் அன்று மதியம் முழுக்கத் தன் முழங்காலைப் பற்றி எழுதினார்.

ஒரு ஆள் போதாது, சந்தேகம் வரும். பூட்டிக்கிடந்த வேறு நான்கு வீடுகளின் எண்களிலும் கணக்குத் தொடங்கினேன். பஸ் டிரைவர் வந்தார். அவருக்கு இவர் ‘பெரியவரே’. சார் போட்டுப் பேசும் ஓய்வுபெற்ற கிளார்க் வந்தார். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, எடுத்ததற்கெல்லாம் ‘மாமா, இது எப்படி மாமா’ என்று கேட்பவள். கடைசியாக வக்கீல். லைன்மேன் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவது வக்கீலின் வேலை. அவரைக் கொண்டுவந்த பிறகுதான் கிழவர் முகத்தில் ரத்தம் ஓடியது என்று நினைக்கிறேன். சண்டைக்கு ஆளில்லாமல் அவர் வாடிக்கொண்டிருந்தார்.

“புது மீட்டர் வேகமா ஓடுதுங்கறது உங்க பிரமை” என்பார் வக்கீல்.

“யோவ், நான் மீட்டரைக் கழட்டி மாட்டினவன்யா. நீ கேஸ் கட்டைத்தான் கழட்டி மாட்டியிருப்பே” என்பார் லைன்மேன்.

பதினோரு மாதம். யாருக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு என்ன ஷிப்டு என்று குழப்பம் வராமல் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. நான் பார்த்த எந்த வேலையிலும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

ஒரே ஒரு தொல்லை. அவர் கீழே இறங்கினால் அவர்களைத் தேடுவார். நர்ஸம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் மூன்றாம் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி நின்றது. நின்றதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கட்டடவாரியாகப் புகார்களைத் தொகுத்து மாதக் கூட்டத்துக்குக் கொடுப்பது மட்டும் என் பொறுப்பு. லிஃப்ட் பற்றி லைன்மேன் நாற்பத்தொரு முறை எழுதினார். ஐந்து பேரும் ஆதரித்தார்கள், வக்கீல்கூட. நான் கொடுத்த தொகுப்பில் லிஃப்ட் இல்லை. மற்றவர்கள் கால் வலுவுள்ளவர்கள், ஏறிப் பழகிவிட்டார்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மதியம் இரண்டு பத்துக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். லைன்மேன் எழுதினார்: “நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. இடது கை இழுக்குது. அவசர நம்பருக்குப் போட்டேன், வரிசையில ஆறாவது ஆளாம். பாட்டு பாடுது. யாராவது வீட்டுல இருக்கீங்களா?”

கை கழுவிவிட்டு நர்ஸம்மாவாக நுழைந்தேன். படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். அது சரியான ஆலோசனை, நீங்கள் எந்த டாக்டரிடமும் கேட்கலாம். புதுப்பெண், ‘மாமா பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்’ என்றாள்.

“மூணாவது ஆளா வந்திருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். காதெல்லாம் கொய்யுனு இருக்கு” என்று எழுதினார்.

அப்போது டிரைவர், “பெரியவரே, நான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டேன். டிரைவர் நமக்குத் தெரிஞ்ச பையன்தான். பத்து நிமிஷம்” என்றார்.

“நீ கூப்பிட்டுட்டியா தம்பி? அப்போ நான் இதை வெச்சுடறேன்.”

வைத்துவிட்டார். வரிசையில் மூன்றாவது இடத்தில் இருந்தார் என்று அவசர உதவித் துறையின் பதிவிலிருந்து நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். நானும் மறுக்கவில்லை.

டிரைவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. டிரைவர் அப்படிப்பட்ட ஆள். யாருக்காவது ஒன்று என்றால் முந்திக்கொண்டு வருபவர். அவர் சொன்ன பிறகு நான் உண்மையிலேயே கூப்பிடலாம் என்று எண்ணை அமுக்கினேன். கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்தினேன். யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வரும், கூட்டம் கூடும். அவர் பிழைத்துக்கொள்வார். பிழைத்தால் சும்மா இருக்கிற ஆளா அவர்? நன்றி சொல்ல நாலு மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி ஐந்து வீட்டுக் கதவையும் தட்டுவார். பூட்டு தொங்கும். பதினோரு மாதம் தான் யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதை ஒரு மனிதருக்கு எப்படிச் செய்வது? அதைவிடக் கொடுமை இருக்கிறதா?

எனவே போனை மேசையில் வைத்துவிட்டு மடிக்கணினியில் தொடர்ந்தேன். கிளார்க் அவர் மகளுக்குத் தகவல் சொல்லிவிட்டதாக எழுதினார். வக்கீல், “யோவ், மீட்டர் விஷயம் இன்னும் முடியல. பாதில ஓடிடாதே” என்றார்.

“உன்னைத் தோக்கடிக்காம நான் எங்கயும் போகல” என்று பதில் வந்தது. அதில் எழுத்துப்பிழைகள் இருந்தன. அவர் பிழை விடுகிறவர் இல்லை.

புதுப்பெண் கதவைத் திறந்துவைக்கச் சொன்னாள். அதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது. இரண்டு நாற்பத்தைந்துக்கு எழுதினார்: “தொறந்துட்டேன். இங்கயே உக்காந்துட்டேன். படில சத்தம் கேக்கல. எத்தனாவது மாடில வரீங்க?”

“ரெண்டாவது, மாமா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “இப்போ?”

“மூணாவது.”

“எல்லாருக்கும் சிரமம். நீங்கல்லாம் இருக்கறதால பயமில்ல.”

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. நாங்கள் மூன்றரை வரை எழுதிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை குப்பை எடுக்க வந்த அம்மாள்தான் திறந்த கதவில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தார். என் அறையிலிருந்து அவர் வாசல் வரை நான் பிறகு நடந்து பார்த்தேன். படிகளையும் சேர்த்து நாலு நிமிடம்.

மகள் வந்தாள். எல்லாம் முடிந்த பிறகு நேரே என்னிடம்தான் வந்தாள். நிர்வாகி என்று செயலாளர் அனுப்பியிருந்தார்.

“அண்ணா, அப்பா போன்ல அஞ்சு பேர் கடைசி வரைக்கும் பேசியிருக்காங்க. ஆம்புலன்ஸ் ஏன் வரலன்னு தெரியல, எனக்கு யாரும் போன் பண்ணவும் இல்ல. பதட்டத்துல நம்பர் மாறியிருக்கும். அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஒரு தடவை பாத்துக் கையைப் பிடிச்சுக்கணும். நர்ஸம்மா எந்த வீடு?”

“விசாரிச்சுச் சொல்றேன்மா” என்றேன்.

அவள் காத்திருக்கவில்லை, அப்பாவைப் போலத்தான். குழுவில் வீட்டு எண் இருந்ததே, தானே போய்விட்டாள். பூட்டிய கதவுக்கு வெளியே மாட்டியிருந்த மீட்டரைப் பார்த்தாள். லைன்மேன் மகள். இணைப்பைத் துண்டித்து வைத்திருந்த முத்திரையையும் அதில் எழுதியிருந்த தேதியையும் படிக்கத் தெரிந்தவள். திரும்பி வந்து என் அறை வாசலில் நின்றாள்.

“அந்த வீட்டுக்கு ஒன்றரை வருஷமா கரண்டே இல்லண்ணா. அங்க யாரும் இருந்திருக்க முடியாது.”

நான் அவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. செயலாளர் அவளையும் குழுவில் சேர்த்திருந்தார்; தன் போனிலிருந்து எழுதினாள், அந்த ஐந்து பேர் யார் என்று. அவளையும் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று ஒரு கணம் விரல் போனது. ஆனால் சோர்வாக இருந்தது. அவளுக்கென்று இன்னும் ஐந்து பேரை உண்டாக்க எனக்குத் தெம்பில்லை. அதற்குள் முந்நூறு பேரும் படித்துவிட்டார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று எழுதினார்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் தட்டச்சு செய்த என் வாக்குமூலத்தை முழுக்கப் படித்துவிட்டேன். கூப்பிட்டதாகச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது சரி. வரவில்லை என்பது சரி. அவர் இறப்பார் என்று தெரிந்தே செய்தேன் என்பதும் சரி. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். ‘துணைக்கு ஒருவரும் இன்றி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு, அடித்துவிடுங்கள். கடைசி வரை நாங்கள் ஐந்து பேர் அவரோடு இருந்தோம்.