மூன்றாவது பாட்டு

"இதுல ஒரு பாட்டு மட்டும் செத்துப்போச்சும்மா."

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். பழைய இசைத்தட்டு வாங்கும் ஒருவர், தட்டை சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்க வந்த பெண்ணின் மடியில் இன்னும் ஏழெட்டு இருந்தன.

"நடுவுல கீறியிருக்க நம்பரப் பாத்தா, கம்பெனி முத தடவ அடிச்ச ரிக்கார்டுதான், நல்ல வெல போகும். ஆனா மூணாவது பாட்டு தேஞ்சு வெளுத்திருக்கு. அதுலயே ஊசிய வச்சு வச்சுக் கேட்டிருக்காங்க. முதல் தரம்னு எடுக்க முடியாது."

"யாரு கேட்டிருப்பா? அம்மாதான் ஆசப்பட்டு வாங்குனாங்க. வாங்குன மறுவாரமே தவறிட்டாங்க."

"அப்பா கேட்டிருப்பாரு."

"அவரா? பாட்டுன்னாலே எரிஞ்சு விழுவாரு. ரேடியோவக்கூட அமத்தச் சொல்லுவாரு. போன மாசம் அவரும் போயிட்டாரு."

"வீட்ல வேற யாரு இருந்தா?"

"யாருமில்லண்ணே. அம்மா போனதுலேருந்து ஒத்தையாத்தான் இருந்தாரு."

சொல்லிவிட்டு அந்தப் பெண் அவர் கையிலிருந்த தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மூணாவது என்ன பாட்டுண்ணே?"

அவர் லேபிளைப் படித்துச் சொன்னார். அந்தப் பெண் கையை நீட்டித் தட்டை வாங்கி உறையில் போட்டுக்கொண்டார்.

"மத்ததையெல்லாம் எடுத்துக்கங்க."