இரைச்சல் வர்ற இடம்

— இன்ஜின நிறுத்தினதும் அந்த ஊளைச் சத்தம் போயிடுச்சா இல்லையா, ரிகோ அண்ணே?

— என்ன?

— ஊளைச் சத்தம்! இன்ஜின் வேகம் ஏற ஏற ரேடியோவுல ஙீன்னு ஏறிச்சே, அது.

— ஆங், அது போச்சு. ஆனா நான் சொன்ன வியாதி அது இல்ல புள்ள. இது ஸ்ஸ்ஸுன்னு ஓயாமக் கிடக்கு, எண்ணெய்ச் சட்டியில வாழைக்காயப் போட்டாப்ல. நேத்து ரேடியோவுல பேஸ்பால் ஆட்டம், கடைசிப் பந்த எவன் அடிச்சான்னே எனக்குத் தெரியல. பின் சீட்டுல ஏறியிருந்த அஞ்சு பேரும் கை தட்டுறானுங்க, நான் மட்டும் பேந்தப் பேந்த முழிக்கிறேன்.

— ஒவ்வொண்ணா வருவோம். ஊளை டைனமோவுலருந்து வருது. அதுக்கு ஒரு கண்டென்சர் போட்டா அடங்கிடும்.

— பிளக்க மாத்தினா போதாதா? என் அண்ணன் எப்பவும் பிளக்க மாத்தித்தான் ரேடியோவச் சரி பண்ணுவான்.

— அது பெட்ரோல் இன்ஜின் இருந்த காலத்துல. இப்ப உள்ள இருக்கிறது டிராக்டர் டீசல். இதுல பொறி அடிக்கிற பிளக்கே கிடையாது.

— அட, ஆமா. ஆறு வருஷமாச்சு, வாய்ப்பழக்கம் இன்னும் போகல. ஆனா ஒண்ணு எழுதி வெச்சுக்க, மைதெலின். இந்த டீசல் வந்த பிறகுதான் இந்தச் சனியன் பிடிச்சுது. இந்தக் கிழவி அதுக்கு முன்னாடி எப்படிப் பாடுவா தெரியுமா? சாந்தியாகோவுலயே இவள மாதிரி பாடுற டாக்ஸி கிடையாது.

— இதப் பிடிங்க. அப்படி இல்ல, தலைகீழா. கண்டென்சரோட இந்தக் கால் வண்டித் தகட்டுல நேரா ஒட்டணும். இங்க எத்தனை பூச்சு பெயின்ட் அப்பியிருக்கீங்க?

— வீட்டு ஜன்னலுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகலாமா?

— ஒரு விரக்கடை சுரண்டினாத்தான் இரும்பே தெரியுது. சரி. அடுத்தது. இன்ஜினப் போடுங்க. மிதிங்க. இன்னும் மிதிங்க. போதும், போதும்! நிறுத்துங்க. யப்பா, மண்டை பிளந்துடும்போல இருக்கு. கால்மாட்டுத் தகடு எங்க?

— என்ன?

— உங்க காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கணுமே, அது எங்கன்னேன்.

— அதுவா! இன்ஜின் பெருசு, உள்ள போகமாட்டேன்னு அடம் பிடிச்சுது. தகட்ட வெட்டி எடுத்துட்டுத்தான் இறக்கினோம். ஓட்டைக்கு அட்டைய வெச்சு மேல ஒரு கம்பளம் போட்டிருக்கேன். ஊர்ல பாதி டாக்ஸிக்கு இதான் கதி.

— ஊளை போயிடுச்சு, கவனிச்சீங்களா?

— அது போச்சு. ஆனா ஸ்ஸ்ஸ் இருக்கு. பொய் சொல்லல புள்ள, உன் தொழிலக் குறை சொல்றேன்னு நெனச்சுக்காத. மூணு பேருகிட்டக் காட்டிட்டேன். மூணு பேரும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு நைஸா நழுவிட்டானுங்க. நீ கப்பல்ல ரேடியோ பாத்தவ. உன்ன விட்டா எனக்கு ஆள் இல்ல.

— மேடு பள்ளத்துல கரகரன்னு வெடிக்குதா?

— வெடிக்கும். கானேய் ரோட்டுல ரயில் பாதையத் தாண்டும்போது சோளம் பொரிக்கிற மாதிரி.

— வண்டியப் பிடிச்சு ஆட்டுறேன், கேளுங்க. இதானே?

— இதேதான்!

— ஏரியல் அடியில துரு. கைய வெச்சாலே உதிருது. இருங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடுறேன். ஏன் இவ்வளவு அவசரம்? அடுத்த வாரம் கொண்டு வந்திருக்கலாமே. இன்னைக்கு எனக்கு இன்னும் ரெண்டு வண்டி நிக்குது.

— அடுத்த வாரம் எங்க? வெள்ளிக்கிழமை எனக்கு டாக்டர் பரிசோதனை. கண்ணு, காது, ரத்த அழுத்தம் எல்லாம் பாத்து முத்திரை குத்தினாத்தான் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு டாக்ஸி ஓட்டலாம். இல்லன்னா ஸ்டியரிங் மருமகன் கைக்குப் போயிடும். அவன் இப்பவே வாசல்ல நின்னு சாவியப் பாத்துட்டு இருக்கான்.

— அதுக்கும் ரேடியோவுக்கும் என்ன?

— இரைச்சல்ல ஒண்ணும் புரியலன்னு நான் சத்தத்தக் கூட்டிடுறேன். பின்னாடி இருக்கிறவங்க குறை, குறைன்னு கத்துறாங்க. திங்கக்கிழமை ஒரு நர்சம்மா ஆபீஸ்ல புகார் குடுப்பேன்னுட்டு இறங்கிப் போனா. பரிசோதனை நேரத்துல புகார் வந்தா என்னாகும், நீயே சொல்லு. வீட்ல உக்காந்து நான் என்னத்தப் பண்ணுவேன்? முப்பத்தொரு வருஷமா இந்த சீட்டுதான் எனக்கு எல்லாம்.

— தேய்ச்சாச்சு. இப்ப ஆட்டுறேன். கரகர இருக்கா?

— இல்ல. சுத்தமா இல்ல. கெட்டிக்காரிதான் நீ!

— எனக்குக் குரல் தெளிவாக் கேக்குது. அந்த ஆள் மழையப் பத்திப் பேசறார். முன் கண்ணாடியில சொட்டுற தண்ணி மாதிரி தெளிவா இருக்கு.

— அவர் பேசறது கேக்குது. ஆனா அவருக்குப் பின்னாடி ஸ்ஸ்ஸ். உனக்குக் கேக்கலையா?

— இல்ல.

— கிட்ட வந்து கேளு.

— கிட்டதான் இருக்கேன். தலைய டாஷ்போர்டுக்குள்ளயே விட்டிருக்கேன்.

— என்ன?

— ஒண்ணுமில்ல. அடுத்தது. இப்படிப் பண்ணலாம். நிலையம் எதுவும் வேண்டாம், குரல முழுசாக் குறைச்சுட்டேன். நீங்க அந்த ஸ்ஸ்ஸ மட்டும் கேளுங்க. கண்ண இறுக்க மூடிக்குங்க. நான் உள்ள ஒண்ணொண்ணாக் கழட்டுவேன். ஒவ்வொண்ணுக்கும் உங்க முழங்கால்ல ஒரு தட்டு தட்டுவேன். இரைச்சல் குறைஞ்சா சொல்லுங்க. எது கழண்டா குறையுதோ, கோளாறு அங்க இருக்கு.

— கப்பல் வைத்தியமா இது?

— ஆமா. மூடுங்க. ஒண்ணு.

— இருக்கு.

— ரெண்டு.

— அப்படியேதான் இருக்கு. ஒரு பொட்டு குறையல.

— மூணு.

— இருக்கு, புள்ள! இப்பத்தான் நல்லாவே கேக்குது. பிடிச்சுட்டேன்னு நெனக்கிறேன். நீ இப்ப எதத் தொட்டியோ, அத விடாத.

— ரொட்டிக்காரன் விசில் ஊதிகிட்டே போறான். உங்க காதுகிட்டயே குனிஞ்சு கேக்கிறேன், வீட்டுக்கு ரொட்டி வாங்கணுமா?

— ரொட்டிக்காரனா? எங்க?

— உங்க ஜன்னல ஒட்டி. கைய நீட்டினா சைக்கிளத் தொடலாம்.

— ஊதலையே அவன்.

— கண்ணத் திறங்க.

— அட, போறான் பாரு. இவன் எப்ப வந்தான்? சரி அத விடு, எதக் கழட்டின... ஏய், டாஷ்போர்டுல ஓட்டை இருக்கு. பெட்டி எங்க?

— என் கையில. உங்க மடியில வைக்கிறேன், பிடிங்க.

— இதுலருந்து வயரு எல்லாம் தொங்குது.

— ஒண்ணு சொன்னப்ப ஏரியல் வயர எடுத்தேன். ரெண்டு சொன்னப்ப ஸ்பீக்கர. மூணு சொன்னப்ப பெட்டிக்கு வர்ற பேட்டரி வயர எடுத்துட்டு, பெட்டியவே வெளியில உருவிட்டேன். மூணுக்கு அப்புறம் அதுல ஒரு சொட்டு மின்சாரம் இல்ல.

— இப்பவும் கேக்குதே.

— தெரியும்.

— எங்கிருந்து கேக்குது?

— நான் ரேடியோக்காரி, அண்ணே. பெட்டிக்குள்ள இருக்கிறதுக்குத்தான் நான் பதில் சொல்ல முடியும். பெட்டிக்குள்ள ஒண்ணுமில்ல. வீட்ல படுத்தாக் கேக்குமா?

— கேக்கும். பன்னெண்டு மணி நேரம் கேட்ட சத்தம் காதுல ஒட்டிக்காதா? படகுல போய்ட்டு வந்தவனுக்குக் கட்டில் ஆடுற மாதிரி. ஞாயித்துக்கிழமை ஓய்வெடுத்தா...

— ஓய்வெடுத்தா?

— ஞாயித்துக்கிழமையும் கேக்கும்.

— ஆறு வருஷமா அந்த இன்ஜினுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு அட்டைதான் இருந்திருக்கு. நான் ரெண்டு நிமிஷம் மிதிக்கச் சொன்னேன், எனக்கே இன்னும் காது அடைச்ச மாதிரி இருக்கு.

— இன்ஜின்தான்னு நான் சொன்னேன்ல.

— சொன்னீங்க.

— பயமா இருக்கு, புள்ள. உண்மையச் சொல்லிடறேன். ரேடியோவா இருக்கணும், ரேடியோவா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன்.

— எத்தனை நாளா எதிராள் உதட்டப் பாத்துப் பேசறீங்க?

— கார்னிவல் திருவிழா சமயத்துலருந்து. அப்பல்லாம் ஊரே ஒரே கூச்சல், அதான் புரியலன்னு நெனச்சேன். இங்க பாரு, வெள்ளிக்கிழமை சமாளிச்சுடுவேன். காதுக்குன்னு தனிக் கருவி கிடையாது, அந்த டாக்டர் எதிர்ல உக்காந்து பேசிப் பாக்கிறதோட சரி. பேச்சு பூரா அழுத்தம், சக்கரை, சாப்பாடுன்னு எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான். பாதி உதட்டுல புரியும், மீதிக்குத் தலையாட்டிட்டா முத்திரை விழுந்துடும். நீ மட்டும் வாயத் திறக்காத.

— நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.

— என் பொண்டாட்டிகிட்டயும்?

— சொல்லமாட்டேன். சொல்றதோ மறைக்கிறதோ உங்க பாடு.

— நீ நல்லா இருக்கணும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதானே, கண்ணு கழுகு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு கீறல் உண்டா இந்தக் கிழவி மேல? போன வாரம் இந்தத் தெருவுல என் வண்டிக்குக் குறுக்க ஒரு சைக்கிள் பையன் தடுமாறி விழுந்தானே, அவன் மேலதான் தப்பு. மணியே அடிக்காம வந்தான்.

— அடிச்சான். நான் இந்த வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன்.

— அடிச்சானா?

— மூணு தடவ.

— சரி, ஒரு தடவ தவறிடுச்சு. அதுக்காக நான் ஓட்டத் தெரியாதவனா? வேற யாரையும் கேக்க வேண்டாம், மைதெலின், நீயே சாட்சி. உன் பொண்ணு லிஸ்பெத் தினம் காலையில பள்ளிக்கூடத்துக்கு யாரு வண்டியில போறா? என் பக்கத்துல, முன் சீட்டுல உக்காந்துதானே போறா?

— நாளையிலருந்து அவ நடந்து போயிடுவா, அண்ணே.