சும்மா ஒண்டும் சாகாது: தொட்டிக்கூடத் தலைவி மனோரஞ்சிதம் அவர்களுக்கு

வோபர்ன், ஸ்காபரோ
1998 ஆனி

மட்டக்களப்பு வாவிக்கரையிலே பிறந்து, ஆண்டில் பாதி பனிமூடும் இம்மாநகரிலே மீனுக்கு மருந்தும் மாணவர்க்குக் கண்ணும் கொடுத்த மாண்புமிகு மனோரஞ்சிதம் அம்மையீர்! குளிர்நீரில் கைவிறைத்தும் குறைகூறாத குணக்குன்றே!

குணக்குன்று என்று எழுதச் சொன்னவர் சூசைதாசன். நான் இரும்பு மனுசி என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டும் இருக்கட்டும்.

கல்லூரியின் பின்புறத்துப் பழைய பண்டகசாலைக்குள் இயங்கிய நீர்வாழுயிர்ப் பயிற்சிக்கூடத்திலே உங்களோடு உழைத்த தமிழர் நாங்கள் மூவர்: பம்புகளையும் குழாய்களையும் பார்த்த சூசைதாசன், தண்ணீரைச் சோதித்த ஸ்ரீதரன், உங்களுக்கு உதவி ஆசிரியையாய் இருந்த அன்ரனெற் ஆகிய நான். கல்லூரி நடத்திய பிரியாவிடை விருந்திலே உங்களை ஆங்கிலத்தில் புகழ்ந்தார்கள். இம்மாத முடிவோடு கூடம் ஏன் மூடப்படுகிறது என்பதை மட்டும் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஆகையால் இந்த வாடகை மண்டபத்தில், பொரித்து வைத்த ரோல்ஸ் ஆறமுன்னர், எங்கள் தமிழிலே இதை வாசிக்கிறோம். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என் வாய் எப்படிப்பட்டதென்று நீங்கள் அறிவீர்கள்.

மீன்வளர்ப்பைக் கதிரையில் இருந்து படிக்கலாமென்று வந்தவர்களை முதல் நாளே சட்டைக்கையை மடிக்கச் சொன்னீர்கள். நகரத்துக் குழாய்நீரின் குளோரினை முறிக்காமல் வாளிகளை ஊற்றினால் தொட்டி மீன் முழுதும் செத்துவிடும் என்பதையும், ஒரு தொட்டியின் வலை மறு தொட்டிக்குள் இறங்கலாகாது என்பதையும், மீன் மூச்சுக்குத் தவித்து வாய்பிளக்குமுன் பம்பின் சத்தத்திலேயே பிழையைக் கேட்க வேண்டும் என்பதையும் ஈரத்தில் நிறுத்தியே கற்பித்தீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அகதியாய் வந்து ஏதோவொரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியிருக்க வேண்டிய பிள்ளைகள், இன்று மீன் காட்சிச்சாலைகளிலும் பண்ணைகளிலும் தொழில் தெரிந்தவர்களாய் நிற்கிறார்கள். புள்ளி போடுவதில் மட்டும் நீங்கள் கஞ்சப்பிசினாறி.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்தில் நீங்கள் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. காலையில் விளக்குப் போட்டதும் முதல் வேலை, செத்த மீனை எடுப்பது. எடுத்ததை எறிய விடமாட்டீர்கள். எடுத்தவரே பலகையில் வைத்துத் திறந்து, செவுளையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து, ஏன் செத்தது என்று எல்லோர்க்கும் கேட்கச் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னால் ஏற்பீர்கள். ஆனால், சும்மா செத்துப்போச்சு என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்று முழுதும் அவர் அந்தப் பலகையடியிலேயே நிற்க வேண்டியதுதான். "சும்மா ஒண்டும் சாகாது புள்ள. திறந்து பாரு" என்பீர்கள்.

ஊரிலே வாவிக்குப் போன உங்கள் கணவர் பிணமாய்க் கரைசேர்ந்ததற்கு இன்றுவரை ஒருவரும் காரணம் சொல்லவில்லை என்பதை நாங்கள் அறிவோம். அதனால்தான் இந்த வழக்கமோ என்று நான் ஒருமுறை துணிந்து கேட்டேன். "அது வேற, இது வேற. வலையக் கழுவு" என்றீர்கள். கழுவினேன்.

சென்ற மாசி மாதத்துக்கு வருகிறேன். விழாவில் இதைப் பேசலாமா என்று சூசைதாசன் இப்போதும் என் முகத்தைப் பார்க்கிறார். பேசத்தான் போகிறேன்.

ஆண்டுதோறும் நாம் வளர்க்கும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சுகளைச் சித்திரையில் வாங்குபவர் மார்க்கம் நகருக்கு வடக்கே பண்ணை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர். மீனோடு ஆளையும் எடுப்பார். படிப்பை முடித்த எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அங்கேதான் வேலை. அந்த மாசிக் காலையில் மாணவி கஜனி செத்த குஞ்சொன்றைத் திறந்தாள். சிறுநீரகம் வீங்கி, வெள்ளை வெள்ளையாய்க் கட்டி போட்டிருந்தது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். மீனுக்கு மீன் பரவும், மருந்துக்குச் சரியாய் அடங்காத நோய் அது. பரிசோதனை முடிவு வரமுன்னரே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கல்லூரியோ செலவைக் குறைக்க எந்தப் பிரிவை மூடலாமென்று ஏற்கெனவே காரணம் தேடிக்கொண்டிருந்தது. நோய் என்று அறிவித்தால் கூடம் போகும், கூடத்தோடு எங்கள் வேலையும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஸ்ரீதரன் உங்கள் முன்னால் வந்து இருந்தார். "அக்கா, சித்திரை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. செத்ததைக் காலமை நாங்களே எடுத்துவிடுறம். உங்களுக்கென்ன, நீங்கள் பென்சனோட போகப்போறியள். நாங்கள் எல்லே நடுத்தெருவில நிக்கப்போறம்."

நீங்கள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னீர்கள்: "அந்தப் பண்ணைக்காரன்ட தண்ணிக்குள்ள இத விட்டா அவன்ட மீனும் சாகும். அங்க நிண்டு அள்ளப்போறதும் நம்மட புள்ளையள்தான். அதுகளுக்கு நான் என்ன படிப்பிச்சன் எண்டு சொல்லுற?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாங்கள் ஆயத்தமாயிருந்தோம். நீங்கள் மறுநாளே எழுத்தில் அறிவித்தீர்கள். சொந்தக் குலத்தையே வெட்டக் கொடுத்த கோடாலிக்காம்பு என்று அன்று உங்களை உங்கள் முகத்துக்கு முன்னால் திட்டியவள் நான். அந்தச் சொல்லை இன்னும் முழுதாகத் திரும்பப் பெறவில்லை. வேலை போனவளுக்குக் கோபப்பட உரிமையுண்டு.

எல்லா ட்ரவுட்டையும் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. மயக்கமருந்தை அளவுக்கு மிஞ்சிக் கலக்கும் வேலையை எங்களில் ஒருவரிடமும் தராமல் நீங்களே செய்தீர்கள். கடைசிச் செவுள் அசைவு நிற்கும்வரை தொட்டியை விட்டு நகரவில்லை. பிறகு மாணவர்களை வரிசையாய் நிறுத்தி, ஆளுக்கொரு மீனைக் கையில் கொடுத்தீர்கள். அதுதான் அந்த வகுப்பின் இறுதிச் செய்முறைப் பரீட்சை என்றீர்கள். எனக்கு உங்கள்மேல் வந்த ஆத்திரம் சொல்லி முடியாது.

கஜனி தன் மீனைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். "அன்ரி, இதுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. நல்ல மீன்" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஓம், நல்ல மீன்தான்" என்றீர்கள். "நாமதான் சாகடிச்சது. அப்படியே சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். அவளுக்கு மட்டும் முழுப் புள்ளி போட்டீர்கள்.

பண்ணைக்காரர் இவ்வாண்டு மீனும் எடுக்கவில்லை, ஆளும் எடுக்கவில்லை. அவருடைய தண்ணீர் சுத்தமாயிருக்கிறது; அதற்காக உங்களுக்கு ஒரு நன்றியும் வரவில்லை. கஜனி மோர்னிங்சைட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறாள். மற்றத் தொட்டிகளில் இருந்த அழகுமீன்களைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தொட்டிகள் வெறுமையாய், பிளீச் மணத்தோடு கிடக்கின்றன. ஸ்ரீதரன் போன ஆண்டுதான் கடன்பட்டு வீடு வாங்கியவர்.

அம்மையீர், நீங்கள் வைத்த வழக்கப்படி இந்தக் கூடத்தையும் பலகையில் வைத்துத் திறந்து பார்த்தோம். உங்களால் செத்தது என்று மூன்று மாதம் சொல்லித் திரிந்தோம். அது தோலை மட்டும் பார்த்துச் சொன்னது. புதிதாய் வரும் மீனைப் பிறமீனோடு சேர்க்காமல் வைத்துப் பார்க்க நமக்கென்று ஒரு தனியறை இருந்ததல்லவா? சென்ற புரட்டாதியில் அதைக் காலிசெய்து, கணினி வகுப்பு வைத்தார்கள். கூடாது என்று கூட்டத்தில் எழுந்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்து வந்த குஞ்சுகள் பெட்டியிலிருந்து நேரே பெருந்தொட்டிக்குள் இறங்கின. கூடம் செத்தது அன்று. மாசியில் நீங்கள் அதைத் திறந்து காட்டினீர்கள். இதை எல்லோர்க்கும் கேட்கச் சொல்கிறேன். எனக்கு எத்தனை புள்ளி போடுவீர்களோ தெரியாது.

இந்த மடலில் ஒப்பமிடச் சொல்லி நேற்று ஸ்ரீதரனிடம் கொண்டுபோனேன். வாசித்தார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டார். "அக்கா செய்தது சரி. ஆனா என்ர வீடு போகுது, அன்ரனெற். சரியெண்டு கையெழுத்து வைக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார். அப்படியானால் விழாவுக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சட்டம்போட்டுச் சுவரில் மாட்டும் மடலில் இதையெல்லாம் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். மறைத்து எழுத மாட்டேன். உங்களிடம் வேலை பழகியவள் நான்.

பன்னிரண்டு ஆண்டுகள் பனிநீரில் நின்று பணிசெய்த பெருமாட்டியே! காலையில் கண்விழித்ததும் செத்ததைத் தேட வேண்டாத நாள்கள் உங்களுக்குப் பல்லாண்டு வாய்க்கட்டும். விறைத்துக் கோணிய அந்த விரல்களுக்குச் சூடு திரும்பட்டும். நெஞ்சுச்சளி நீங்கி, நித்திரை நிறைந்து, எங்களோடு இன்னும் நெடுங்காலம் சண்டைபிடித்துக்கொண்டு நலமாய் இருங்கள்.

இங்ஙனம், தொட்டிக்கூடப் பணியாளர்கள்:

அன்ரனெற் (ஒப்பம்)

சூசைதாசன் (ஒப்பம்)

ஸ்ரீதரன் (ஒப்பமிடவில்லை. இன்று எல்லோருக்கும் முன்னர் மண்டபத்துக்கு வந்து கதிரைகளை வரிசையாய் அடுக்கிவிட்டு, பின்வரிசையில் இருக்கிறார்.)